அரக்கான் பாதையில் நின்றுபோனவள்

உக்காருங்க பாய். அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சுக்கு அந்தப் பக்கத்துக் கால் சரியில்ல. இப்படி வாங்க. சத்தமாப் பேசாதீங்க. உள்ள இருக்கறது எம் மக. அந்தா அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னாடி. காலையில கொண்டுபோனாக, இன்னும் ஒரு சேதியும் இல்ல. பிள்ளை குறுக்க கெடக்குதாம். டாக்டரம்மா வந்து பாத்துட்டு, கத்தி வைக்க வேண்டியிருக்குமோ என்னமோன்னுட்டுப் போயிருக்காக. மருமகப்பிள்ளை ரத்தம் குடுக்க ஆள் தேடி ஓடியிருக்காரு. நான் ஒத்தையில உக்காந்து உத்தரகோசமங்கைத் தாயைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

இந்த நேரம் பாத்து நீங்க வந்து நிக்கிறீங்க. வந்து என்ன பேரைச் சொல்றீங்க? மா ஓன். வேண்டாம், திருப்பிச் சொல்லாதீங்க. எனக்குக் கேட்டுச்சு. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பேரை எங்க வீட்டுல யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. நான் சொல்ல விட்டதில்ல.

செத்துப்போயிருப்பான்னுல்ல நெனச்சிருந்தேன். சத்தியமா. அம்புட்டுப் பேரு செத்தாக, அவ மட்டும் எப்படி இருப்பான்னு.

நீங்க கீழக்கரைக்காரரு, பர்மாவுல குடை யாவாரம் பாத்தவரு, இப்ப எல்லாரையும் வெரட்டுறாகன்னு அகதிக் கப்பல்ல வந்து எறங்கியிருக்கீங்க. அது வரைக்கும் சரி. அந்த அரக்கான் மலையடிவாரத்துல ரோட்டோரமா அவ சோத்துக்கடை போட்டிருக்கா, அங்க நீங்க சாப்பிடுவீங்க. அதுவும் சரி. தமிழ்நாட்டு ஆளு யாரு வந்தாலும் தேரிருவேலி தெரியுமா, தேரிருவேலி தெரியுமான்னு கேப்பாளாக்கும். அந்த ஊர்ப் பேரு எங்க கொழுந்தனா... இல்ல, எங்க வீட்டுக்காரவுகளோட அண்ணன் அவளுக்குச் சொல்லிக்குடுத்தது. நாக்கு பொரளாது அவளுக்கு. 'தேலிலுவேலி'ம்பா. நாங்க சிரிப்போம்.

தேரிருவேலிக்குப் போயி விசாரிச்சு, வீடு பூட்டிக் கெடக்கவும் பக்கத்து வீட்டுல கேட்டு, பஸ் ஏறி ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டீங்க. யாரோ ஒருத்திக்காக இம்புட்டு அலைச்சல் அலைஞ்சிருக்கீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அவ சொன்னதை மட்டும் கேட்டுட்டு வந்திருக்கீங்களே, நான் சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க. நடந்தது என்னன்னு எனக்குத் தெரியும். நான் அந்த வண்டியிலயே இருந்தவ.

அவ பெத்த பிள்ளையைப் போட்டுட்டுப் போனவ பாய். மொத இதைக் கேட்டுக்கங்க. போட்டுட்டுப் போனவ.

எங்க வீட்டுக்காரவுக பேரு உடையப்பன். அவுக அண்ணன் சேவுகன். ரெண்டு பேரும் பிரோம் பக்கத்துல ஒரு அரிசி மில்லுல வேலை. கல்யாணமாகி நான் அங்க போய் எறங்குறப்பவே சேவுகத்தான் அவளைக் கூட்டிட்டு வந்து வீட்டுல வச்சிருந்தாரு. தாலியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. பொங்கி வச்சா அந்த நாப்பி மீன் வாடை, உங்களுக்குத் தெரியாததா. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு அடுப்பு வச்சுக்கிட்டோம். நான் அவ கையில தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. அவ என்னய 'அக்கா, அக்கா'ம்பா. மொறைக்குப் பாத்தா அவதான் எனக்கு அக்கா, மூத்தவர் பொஞ்சாதி. அது அவளுக்குப் புரியல. நானும் சொல்லல.

எனக்குப் பொறந்தது எதுவும் தங்கல. அதை விடுங்க. அவளுக்கு ஒண்ணு பொறந்து தங்குச்சு. பொம்பளப் பிள்ளை. அதைக் காலுல போட்டுக் குளிப்பாட்டுனது யாரு? நானு. உரமருந்து ஒரைச்சு ஊத்துனது நானு. அவ நெல்லுக் காயப்போட மில்லுக்குப் போயிருவா, பிள்ளை எங்கிட்டத்தான் கெடக்கும். மங்களேசுவரின்னு பேரு வச்சதே நான்தான். அவ வேற ஏதோ கூப்பிடுவா. அது எனக்கு நெனப்பில்ல.

அப்புறம்தான் ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டது. ரங்கூன்ல இருந்து சனம் சாரை சாரையா வந்துச்சு. வெள்ளைக்காரன் அவன் பொண்டு பிள்ளைகளைக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டான். நமக்கு ஏது கப்பல்? நடந்துதான் வரணும், இல்லாட்டி மாட்டு வண்டி. ஐராவதி ஆத்தைத் தாண்டி அரக்கான் மலையில ஏறி எறங்குனா கடக்கரை, அங்கருந்து படகுல சிட்டகாங், அப்புறம் ரயிலுன்னு சொன்னாக. சொன்னதைக் கேக்கச் சுளுவாத்தான் இருந்துச்சு.

மில்லுல வைரவன் மேஸ்திரின்னு ஒருத்தர், அவர்தான் எல்லாரையும் சேத்தாரு. இருபது இருபத்தஞ்சு கூண்டு வண்டி. ஒண்ணு பின்னாடி ஒண்ணா, வழியில யாரும் தனியாப் பிரியக் கூடாதுன்னு கட்டளை. ஏன்னா, வெள்ளைக்காரன் போலீசு ஓடிப்போனதும் அந்த ஊர்ப் பயலுக கையில தாவைத் தூக்கிட்டானுக. தா தெரியும்ல உங்களுக்கு, அந்த நீள வெட்டுக்கத்தி. அவனுகளுக்கு எங்க மேல என்னத்துக்கு அம்புட்டு ஆத்திரம்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல பாய். நாங்க என்ன செஞ்சோம்? வேலைக்குப் போனோம், வந்தோம். ஆமா, அந்தப் பக்கத்து நெலமெல்லாம் நம்மாளுக கைக்கு வந்திருந்துச்சுதான். நாங்க குடியிருந்த எடமே முந்தி யாரோ ஒரு பர்மாக்காரன் தோட்டம்னு சொல்லுவாக. அவன் வித்தான், இவுக வாங்குனாக. அதுல எங்க தப்பு என்ன இருக்கு?

என்னம்மா? துணியா, நர்சம்மா? இந்தா, இதுல பழைய சேலை நாலு இருக்கு, தொவைச்சதுதான். எம்மா, எம் மக எப்படி இருக்கா? ஏதாச்சும்... சரிம்மா. சரி.

பாத்தீங்களா, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறாக.

எங்க விட்டேன்? கெளம்புனோம். சேவுகத்தான் முன்னால போற வண்டியில. எங்களது கடைசி. அவ கைப்பிள்ளையோட எங்க வண்டியில ஏறிக்கிட்டா. பர்மாக்காரின்னு தெரியக் கூடாதுன்னு என் சேலை ஒண்ணைக் குடுத்துக் கட்டச் சொல்லியிருந்தாரு அத்தான். பழஞ்சேலைதான் குடுத்தேன். சேலை கட்டத் தெரியாம அள்ளிச் செருகிக்கிட்டு இருந்தா. கூட வந்த பொம்பளைக எல்லாம் அவளை ஒரு மாதிரியாத்தான் பாத்தாக.

ஆத்தைத் தாண்டுன மறுநாளு சாயங்காலம், ஒரு காஞ்ச ஓடையில வண்டிக எறங்குது. மணலு. மாடு இழுக்க முடியாம மூச்சு வாங்குது. ரெண்டு பக்கமும் மூங்கில் காடு. அந்த மூங்கிலுக்குள்ளருந்து கத்திக்கிட்டு வந்தானுக. அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்லுறது? எல்லாம் சின்ன வயசுப் பயலுக. எங்க மில்லுல மூட்டை தூக்குன பயக மாதிரித்தான் இருந்தானுக. மொத மாட்டைத்தான் வெட்டுனானுக. நுகத்தடியோட மாடு சாயவும் வண்டி குடை சாயுது, பொட்டி உருளுது, பிள்ளைக உருளுது. சேவுகத்தான் கீழ குதிச்சுத் தார்க்குச்சியை ஓங்குனாரு. தார்க்குச்சி! மாட்டைக் குத்துற குச்சியை வச்சுக்கிட்டு அவர் என்ன செய்ய முடியும்? ஒரே வெட்டு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. கையில கெடச்சதை அள்ளிக்கிட்டு அவனுக வந்த மாதிரியே போயிட்டானுக.

அத்தானை அந்த ஓடை மணல்லயே பொதைச்சோம். கூட அஞ்சாறு பேரு. மா ஓன் அழுகல பாய். மணலைக் கையால தள்ளித் தள்ளி மூடுனா. மூடி முடிச்சதும் அந்த எடத்துல படுத்துக்கிட்டா. எங்க வீட்டுக்காரவுகதான் தூக்கிக் கொண்டுவந்து வண்டியில போட்டாக. புருசன் செத்ததுக்கு அழுகாத பொம்பளையைப் பாத்திருக்கீங்களா? நான் அப்பவே நெனச்சேன், இவ மனசுல என்ன இருக்கோன்னு.

அப்புறம் எங்க நின்னாலும் வண்டிகளை வட்டமா நிறுத்தி, ஒரு வண்டி மூக்கை இன்னொரு வண்டி முதுகோட சேத்துக் கட்டிருவாரு மேஸ்திரி. மாடும் சனமும் நடுவுல. அப்படியே நின்னு நின்னு போய், மலையடிவாரத்துல ஒரு ஊரு வந்துச்சு. நீங்க சாப்பிட்டீங்களே, அந்த ஊருதான். அதுக்கு மேல ஏத்தம். அங்க விட்டா மலை முழுக்கத் தண்ணி கெடையாதுன்னாக. எங்கிட்டயும் தண்ணி தீந்துபோச்சு.

ரோட்டுக்குக் குறுக்க மூங்கிலை வெட்டிப் போட்டு அடைச்சிருந்தானுக. அந்தப் பக்கம் ஊரு, கெணறு. இந்தப் பக்கம் நாங்க. பின்னாடி திரும்பலாம்னா அங்கயும் கத்தியோட நிக்கிறானுக. வட்டம் கட்டுனோம். அன்னிக்குப் பூராம் வெயிலு. மறுநாளும் வெயிலு. அவனுக உள்ள வரல. வரணும்னு அவசியமே இல்ல, தாகத்துலயே செத்துருவோம்னு அவனுகளுக்குத் தெரியும். ஒருத்தன் மட்டும் துப்பாக்கி வச்சிருந்தான், யாராச்சும் கெணத்துப் பக்கம் தலையை நீட்டுனா சுடுவான். மேஸ்திரி தம்பி கொடத்தோட போனான், கொடம் மட்டும் உருண்டு வந்துச்சு.

மாடு ஒண்ணொண்ணா முழங்காலு மடிச்சுப் படுத்துருச்சு. பிள்ளைக மொத அழுதுச்சுக. அப்புறம் அழுகல. அதுதான் பாய் தாங்க முடியாதது. அழுதா உசிரு இருக்குன்னு தெரியும். மங்களத்துக்கு ஒதடு வெடிச்சு, கண்ணு சொருகிப்போச்சு. மா ஓன் மார்ல வச்சு வச்சுப் பாக்குறா, அங்க என்ன இருக்கும்? நான் என் எச்சியைத் தொட்டு அது ஒதட்டுல தடவுனேன். எனக்கும் எச்சி ஊறல.

அப்பத்தான் சனம் பேச ஆரம்பிச்சுச்சு. 'உங்காளுகதானே, நீ போய்ப் பேசேன்'னு. 'இவளைக் கூட்டிக்கிட்டு வந்ததாலதான் இந்தக் கதி'ன்னு. யாரு மொத ஆரம்பிச்சதுன்னு தெரியாது. பொம்பளைக கூட்டத்துல யாரோ சொன்னாக. நானும் சொல்லியிருக்கலாம். தாகத்துல கெடக்கறப்ப யாரு என்ன பேசுனா, யாருக்கு நெனப்பு இருக்கு? மேஸ்திரிதான் நேரா வந்து அவளைப் பாத்து, 'தாயி, உன்னால முடிஞ்சா பாரு. இல்லாட்டி ராத்திரிக்குள்ள பிள்ளைக எல்லாம் போயிரும்'னாரு. எங்க வீட்டுக்காரவுக குறுக்க விழுந்தாக. 'எங்க அண்ணனை வெட்டுனவனுக்கு முன்னாடி எங்க மதினியை அனுப்ப மாட்டேன்'னாக. நான்தான் அவுக கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். பெரியவங்க ஒண்ணு சொல்றப்ப இவுக எதுக்கு நடுவுல?

அவ எந்திரிச்சா. என் சேலையை அவுத்து மடிச்சு வச்சா. தன் லுங்கியை எடுத்துக் கட்டுனா. தலையை வாரிக் கொண்டை போட்டா, அந்த நேரத்துல! பிள்ளையைக் கொண்டாந்து என் மடியில வச்சா. வச்சு, 'அக்கா, பாப்பாவைப் பாத்துக்கோ'ன்னா. பெத்தவ பெத்ததை இன்னொருத்தி மடியில வச்சு இப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. குடுத்துட்டான்னுதானே அர்த்தம்?

வட்டத்தை விட்டு வெளிய போனா. கையை ரெண்டையும் மேல தூக்கிக்கிட்டு, பர்மாப் பாசையில என்னமோ சத்தம் போட்டுக்கிட்டே போனா. நாங்க வண்டிச் சக்கரத்துக்கு நடுவுல பாத்துக்கிட்டு இருக்கோம். துப்பாக்கிக்காரன் நெஞ்சுக்கு நேரா நீட்டுறான். அவ நிக்கல. நேராப் போய் அவனுக முன்னாடி மண்ணுல உக்காந்துட்டா. ஒருத்தன் கொண்டையைப் பிடிச்சுத் தூக்குறான். எத்துறான் ஒருத்தன். திரும்பவும் உக்காருறா. பேசுறா. பேசிக்கிட்டே இருக்கா. எங்களைக் கை காட்டுறா, மலையைக் காட்டுறா. எனக்கு என்ன வெளங்குச்சு? சந்தையில மீனு வாங்குற பர்மாதான் எனக்குத் தெரியும். அவ என்ன பேசுனாளோ. எங்களைக் காட்டிக்குடுக்கத்தான் பேசுறாளோன்னு எனக்குப் பதறிப்போச்சு.

இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது. அந்த ஊருத் தலைவரோட அம்மா தனக்குப் பெரியம்மா மொறைன்னு அவ பொய் சொன்னாளாக்கும். பொட்டி, பாத்திரம் எல்லாத்தையும் எறக்கி வச்சுட்டுப் போயிருவாக, மாட்டையும் உசிரையும் மட்டும் விடுங்கன்னு கெஞ்சுனாளாக்கும். அந்தக் கெழவியும் வெளிய வந்து அவ மொகத்தைப் பாத்துட்டு, ஆமா இவ எங்க பிள்ளைதான்னு சேந்து பொய் சொன்னாளாக்கும். இருக்கலாம். அப்படியும் இருக்கலாம். நான் கண்டேனா?

சாயங்காலம் மூங்கிலை இழுத்துப் போட்டானுக. ஊர்ப் பொம்பளைக கொடத்துல தண்ணி கொண்டாந்து வட்டத்துக்கு வெளிய வச்சுட்டுப் போனாக. பிள்ளைக வாயில ஊத்துனோம். மாட்டுக்கு வச்சோம். மங்களம் மொத வாயை இருமித் துப்புச்சு, ரெண்டாவது வாயை முழுங்குச்சு. முழுங்குன சத்தம் கேட்டுச்சு பாய் எனக்கு. அந்த நிமிசம் அது எம் பிள்ளையாயிருச்சு. அதை யாரும் மாத்த முடியாது.

மேஸ்திரி எல்லாத்தையும் எறக்கச் சொன்னாரு. பொட்டி, அண்டா, துணிமணி, எல்லாத்தையும் ரோட்டோரமாக் குவிச்சோம். 'மாட்டைப் பூட்டுங்கடா, அவனுக மனசு மாறுறதுக்குள்ள கெளம்புங்க'ன்னாரு. வண்டிக நகருது. ஒவ்வொண்ணா அந்த அடைப்பைத் தாண்டுது. அவ அங்க ரோட்டோரத்துல உக்காந்திருக்கா. பக்கத்துல அந்தக் கெழவி. வாயோரமா ரத்தம். ஒவ்வொரு வண்டியையும் பாக்குறா. எங்களதுதான் கடைசி.

எங்க வண்டியைப் பாத்ததும் எந்திரிச்சா. எந்திரிச்சு ஓடியாந்தா.

எங்க வீட்டுக்காரவுக கயித்தை இழுத்து மாட்டை நிறுத்தப் போனாக. நான் 'ஓட்டுங்க'ன்னேன். பின்ன? பின்னாடி கத்தியோட நிக்கிறானுக. வண்டி நின்னா மனசு மாறிருமே. அதோட, அவ எதுக்கு ஓடியாறான்னு யாருக்குத் தெரியும்? பிள்ளையைத் தூக்கிட்டுப் போகத்தான் வாரான்னு எனக்குத் தோணுச்சு. அவ ஆளுக கூட அவ சேந்துட்டா. கறுப்புத் தோலுக்காரனுக்குப் பொறந்த பிள்ளையை அவனுக உசிரோட விடுவானுகளா? வண்டியில கெடந்த கோரைப்பாயை எடுத்துப் பிள்ளை மேல மூடுனேன். 'ஓட்டுங்க, இல்ல நான் குதிச்சிருவேன்'னேன். அவுக ஓட்டுனாக.

ஏத்தம் தொடங்குற எடம், மாடு மெல்லத்தான் போகும். அவ வந்துட்டா. பின்பலகையைப் பிடிச்சுட்டா. மூச்சு எறைக்குது, பேச முடியல, 'அக்கா... அக்கா'ன்னு மட்டும் வருது. பலகையைப் பிடிச்சுக்கிட்டே ஓடுறா. காலுல செருப்பில்ல, கல்லு. அப்படியே தடுக்கி விழுந்தா வண்டி இழுத்துட்டுப் போயிருமேன்னு, அவ வெரலை ஒண்ணொண்ணா எடுத்து விட்டேன். அவ நல்லதுக்குத்தான் எடுத்து விட்டேன். விழுந்து அடிபடக் கூடாதேன்னு.

என்ன அப்படிப் பாக்குறீங்க?

நீங்க அங்க இல்ல பாய். அங்க இருந்திருந்தா தெரியும்.

ஆமா, அவ சும்மாத்தான் இருந்தா, அவளை யாரும் பிடிச்சு வைக்கல, போகச் சொல்லிட்டாக, வண்டியில ஏறத்தான் ஓடியாந்தான்னு இப்ப நீங்க வந்து சொல்றீங்க. அன்னிக்கு எனக்கு யாரு சொன்னா? அவளாச்சும் வாயைத் தெறந்து 'நானும் வாரேன்'னு சொல்லியிருக்கலாம்ல? 'அக்கா'ன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது?

வளைவு திரும்புற வரைக்கும் தெரிஞ்சா. அப்புறம் புழுதி.

அதுக்கப்புறம் நாங்க பட்டதைக் கேட்டீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க, இந்தப் பிள்ளையை இவதான் பெத்தான்னு. மலையில மாடு விழுந்துருச்சு. வண்டியை விட்டோம். வாந்தி பேதி வந்து வழி நெடுக சனம் கெடக்குது, தாண்டித் தாண்டித்தான் நடக்கணும். எங்க வீட்டுக்காரவுக தோள்ல பிள்ளை. நான் முன்னாடி நடந்து, செத்தவுக சொரக்குடுக்கையில தண்ணி மிச்சம் இருக்கான்னு ஆட்டிப் பாப்பேன். இருந்தா அதுக்குக் குடுப்பேன், நான் குடிக்க மாட்டேன். மேஸ்திரியும் அந்த மலையிலதான் செத்துப்போனாரு. கடக்கரையில படகுக்கு அடிதடி. பிள்ளையை என் வயித்தோட சேத்துத் துணியால கட்டிக்கிட்டு, தண்ணியில எறங்கிப் படகைப் பிடிச்சேன். அவ செஞ்சிருப்பாளா இதை? சொல்லுங்க.

ஊருக்கு வந்து சேந்தோம். பிள்ளை யாருதுன்னு கேட்டாக. எனக்குப் பொறந்ததுன்னேன். எங்க வீட்டுக்காரவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. நான் பிள்ளை தலையில அவுக கையை வச்சுச் சத்தியம் வாங்கியிருந்தேன். அவுக சாகுற வரைக்கும் சத்தியத்தை மீறல. ஆனா ஒரு நாளு ஒரு பொழுது 'எம் மக'ன்னு சொன்னதும் கெடையாது. வாய் நெறைய 'தாயி, தாயி'ம்பாக. என்கூடப் பேச்சும் கொறைஞ்சுபோச்சு. சோறு போட்டா சாப்பிடுவாக. வண்டி மாட்டைத் தொடவே மாட்டேன்னுட்டாக. உப்பளத்து வேலைக்குப் போனாக, வந்தாக. நான் என்ன செஞ்சேன் அவுகளுக்கு? அவுக உசிரைக் காப்பாத்தியிருக்கேன். வண்டியை நிறுத்தியிருந்தா அண்ணன் மாதிரி அவுகளும் அந்த மண்ணுலதானே?

ஐயோ... கேட்டீங்களா? அவ சத்தம்தான் அது. மங்களம். தாயே, தாயே, என் குலத்தைக் காப்பாத்து. இன்னிக்கு மட்டும் காப்பாத்து.

பாய், ஒண்ணு கேக்குறேன், உள்ளதைச் சொல்லுங்க. அவ என்னய வைஞ்சாளா? மண்ணைத் தூத்தி விட்டாளா? அவ வயித்தெரிச்சல்தான் இப்ப எம் பிள்ளை வயித்துல வந்து நிக்குதா? காலையில இருந்து எனக்கு ஏன் அவ நெனப்பாவே இருந்துச்சுன்னு நானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து நிக்கவும் எனக்கு உசிரே போயிருச்சு. சாபம் குடுத்திருந்தா என் தலையில விழட்டும்னு சொல்லுங்க. நான் செத்துப்போறேன். அது பச்ச மண்ணு, அதுக்கு என்ன தெரியும்?

வையலையா?

ஒரு வார்த்தையும் வையலையா?

'அக்கா பாப்பாவை நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க'ன்னா சொன்னா? அக்கான்னே சொன்னாளா?

இல்ல, நான் அழுகல. கண்ணுல ஏதோ விழுந்துருச்சு. இந்த டெட்டால் நெடி.

என்ன கேக்குறீங்க? பிள்ளையைக் குடுத்தப்ப வேற ஏதும் சொன்னாளான்னா? சொன்னேனே, 'பாத்துக்கோ'ன்னா. அம்புட்டுத்தான். ...ம். 'நான் வர்ற வரைக்கும்'னா. 'நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ'ன்னா. அவளுக்குத் தமிழு சரியா வராது பாய். வாய்க்கு வந்ததைச் சொல்லுவா. அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கக் கூடாது.

நான் ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? உங்க தம்பி இன்னும் அங்கதான் இருக்காருன்னீங்கள்ல. அவருக்கு எழுதிருங்க, அந்தப் பிள்ளை வழியிலயே செத்துப்போச்சுன்னு. பேதியில போச்சுன்னு. எம்புட்டோ பிள்ளைக அப்படிப் போச்சுல்ல, நம்புவா. ஒரு நாள் அழுவா, அப்புறம் மனசு ஆறிரும். ரோட்டுல போறவன் வாறவன்கிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கறதுக்கு அது எவ்வளவோ மேலு. அவளுக்கு நல்லதுன்னுதான் சொல்றேன். மங்களத்துக்கும் நல்லது. கட்டுன எடத்துல தெரிஞ்சா என்ன பேசுவாக? அவளுக்கே தெரிஞ்சா, என் மொகத்தை அவ எப்படிப் பாப்பா? இந்த ஒலகத்துல எனக்கு இருக்கறது அவ ஒருத்தி. வீடு இல்லாட்டி இருந்துக்குவேன். சோறு இல்லாட்டி இருந்துக்குவேன். காலுல விழச் சொன்னாலும் விழுறேன், இந்தா...

அட, எந்திரிக்காதீங்க. சரி, விழல. உக்காருங்க.

பொய் எழுத மாட்டீங்களா? அவ கையில சோறு வாங்கித் தின்னுருக்கீங்களா. ம். நானும்தான் அவளால தண்ணி குடிச்சிருக்கேன். அந்தக் கொடத்துத் தண்ணி.

பச்சைக் கதவு தெறக்குது. பாய், கதவு தெறக்குது. அந்த நர்சம்மா மொகத்தைப் பாருங்க. சிரிக்குதா, என்ன செய்யுது? எனக்குச் சரியாத் தெரியல, நீங்க பாருங்க.

என்னம்மா? பொறந்துருச்சா? கத்தி வைக்காமயே, கையால திருப்பி எடுத்துட்டாகளா? ரெண்டு உசிரும்...? தாயே! எந்தாயே! பொம்பளப் பிள்ளையா? ஆமாம்மா. அழுதுச்சா? நல்லாச் சத்தமா அழுதுச்சா?

யாருன்னா கேக்குறீங்க? மங்களேசுவரியோட அம்மாவா?

...நான்தாம்மா. நான்தான். இந்தா வாரேன்.

பாய், கெளம்பிறாதீங்க. மருமகப்பிள்ளை வந்தா, பர்மாவுல இருந்து வந்த சொந்தக்காரருன்னு சொல்லுங்க. மத்ததை... மத்ததைப் பொறவு பாப்போம். ஆம்பளைகளை உள்ள விட மாட்டாக. நான் பிள்ளையைத் துணியில சுத்தி இந்த வாசப்படி வரைக்கும் தூக்கிட்டு வாரேன். இந்த வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாருங்க. மூக்கு, நெத்தி, கண்ணு, எல்லாம் பாருங்க. எனக்கு அவ மொகம் சரியா நெனப்பில்ல பாய். புழுதிக்குள்ள ஓடியாந்த மொகம்தான் வருது, அதை வச்சு ஒரு சாயலும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கதான் அவளைப் போன மாசம் வரைக்கும் பாத்தவரு. யாரு சாயல்னு பாத்துச் சொல்லுங்க. அவ சாயலா இருந்தா உங்க தம்பிக்கு உள்ளதை எழுதுங்க.

இல்லாட்டியும் எழுதுங்க.